பூட்டு தினகரனும் போகாத ஃபைலும்

சாலவாக்கம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஏரிக்குக் கீழே இருக்கிற அந்த ஊரில் போய் தினகரன் வீடு எங்கே என்று கேட்டால் உடனே வழி சொல்ல மாட்டார்கள். "எந்த தினகரன், பூட்டா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டினால்தான் கை நீளும்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வீட்டைப் பூட்டியதும் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். படி இறங்கித் திரும்பி வந்து இன்னொரு இழுப்பு. குழாயடி வரைக்கும் நடந்துவிட்டு, எதையோ மறந்தவர் மாதிரி நெற்றியைத் தட்டிக்கொண்டு வந்து மறுபடியும் இழுப்பார். அவர் பெண்டாட்டி சசிரேகா உள்ளே குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும்போதே வெளியே பூட்டிக்கொண்டு கழனிக்குப் போன கதையும் உண்டு. "உள்ள நான் கீறேன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று அந்தம்மா கத்தியதற்கு, "நீ கீறன்றது எனக்குத் தெரியும். வேற எவனும் உள்ள இல்லன்றது எனக்கு எப்டித் தெரியும்?" என்றாராம். இதைச் சசிரேகாவே குழாயடியில் சொன்னது. ஊருக்குத் தெரிய வேறு தபால் வேண்டுமா?

தேங்காயெண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பார். போன் அடித்தால் ஹலோ சொல்ல மாட்டார். எதிரில் இருப்பவன் முதலில் பேசட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். அந்த போனில் நெட்டை எந்நேரமும் அணைத்தே வைத்திருப்பார். "நாம தொறந்து வெச்சா அது வழியா நாம மட்டுந்தான் பாப்பமா? அந்தப் பக்கத்துலேர்ந்து எவனாவது நம்மள பாப்பான்." இது அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

பரம்பரையாக நெல் போடுகிற குடும்பம். ரோட்டோரம் சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. வெண்முகில் பால் கம்பெனிக்காரர்கள் வந்து, அந்தக் கொட்டகையில் பால் வாங்கும் சென்டர் வைத்து, அவரையே ஏஜென்ட்டாக ஆக்கினார்கள். ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் காலையில் தூக்குவாளியோடு வருவார்கள். பாலில் கொஞ்சம் எடுத்து மெஷினில் விட்டால் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று காட்டும். அது அப்படியே கம்ப்யூட்டரில் ஏறும். எல்லோரும் ஊற்றி முடித்ததும் அந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஃபைலாக ஹெட் ஆபீஸுக்குப் போக வேண்டும். ஊருக்குக் கம்பி வழி நெட் கிடையாது. கட்டைவிரல் அளவு டாங்கிள் ஒன்றில் சிம் போட்டு, செல்போன் டவரை நம்பித்தான் பிழைப்பு. ஃபைல் போய்ச் சேர்ந்தால் பால் வண்டி ஓட்டும் சாமுவேலின் போனில் பச்சை விழும். பச்சை விழுந்தால்தான் அவர் கேன்களை ஏற்றுவார். விழாவிட்டால் பால் வெயிலில் நிற்கும். பால் யாருக்காகவும் காத்திருக்காது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சென்டர் தொடங்கிய அன்று ஹெட் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் முத்துவேல் போனில் விளக்கினார். "சார், இது வாட்சப்ல படம் அனுப்புற மாதிரி கெடையாது. பெட்டியில வெச்சுப் பூட்டி அனுப்புற மாதிரி. வழியில எவனும் தெறந்து பாக்க முடியாது."

பூட்டு என்ற சொல்லைக் கேட்டதும் தினகரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு நாளில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரு மனிதன்! அடுத்த நொடியே மலர்ந்தது சுருங்கியது.

"சாவி யாராண்ட கீது?"

"சாவின்னா, பாஸ்வேர்டு. எங்க கிட்ட இருக்கு. அப்புறம் அங்க கம்ப்யூட்டர்ல உக்கார்றவங்க கிட்ட இருக்கும்."

கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் பிரிஸ்கில்லா.

பிரிஸ்கில்லாவுக்கு முப்பது வயது இருக்கும். காலனியில் வீடு. புருஷன் டேனியல் சென்ட்ரிங் வேலைக்குச் செங்கல்பட்டு, மறைமலைநகர் என்று போய்விடுவான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவள். கம்பெனியே பார்த்து எடுத்த ஆள், தினகரன் எடுத்ததல்ல. அவள் அம்மா தினகரன் வீட்டுக் கழனியில் நாற்று நட்டவள். நாற்று நட்டவளின் பெண் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கொட்டகைக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்பதா? இது அவருக்கு உள்ளே எங்கேயோ உறுத்தியது. அந்த உறுத்தலை வெளியே சொல்ல முடியாது. அதனால் அதற்குச் சந்தேகம் என்று பெயர் வைத்துக்கொண்டார். அதுதான் அவருக்குக் கைவந்த சரக்காயிற்றே.

அந்த ஊரில் பால் விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்தவர் வாளிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. "இன்னிக்கு எவ்ளோ கறந்துச்சு?" என்று கேட்கவே கூடாது. கண் பட்டால் மாடு காலைத் தூக்கி உதைக்கும், மடி கட்டிக்கொள்ளும். அதனால் பெண்கள் தூக்குவாளியின் மேல் துண்டு போட்டு மூடிக்கொண்டு வருவார்கள். பிரிஸ்கில்லாவும் பால் அளவு போட்ட சீட்டை மடித்துத்தான் கையில் கொடுப்பாள். தினகரனோ மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொருவருக்கும் என்ன காட்டுகிறது என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பார். தண்ணீர் கலக்கிறார்களா என்று பார்ப்பதாக அவர் நினைப்பு. கண் போடுகிறார் என்று ஊரின் நினைப்பு.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஊரில் வேறொரு பால் கம்பெனிக்காரர்கள் வந்து சென்டர் திறந்தார்கள். திறந்த கையோடு பச்சமுத்து அங்கே போய்விட்டார். பச்சமுத்து யாரென்றால், ஊரிலேயே அதிகப் பால் ஊற்றுகிறவர்; அவர் பாலில் கொழுப்பு அப்படி ஏறும். அவர் போனதும் தினகரனுக்கு நாஷ்டா இறங்கவில்லை.

"ஏங்க, தோசை ஆறிப் போவுது," என்றாள் சசிரேகா.

"பச்சமுத்து பால்தான் கெட்டின்னு அவங்களுக்கு எப்டி தெரியும்? கரெக்ட்டா அவர வந்து தூக்கிகினு போறான்னா, நம்ம ஃபைலு அவன் கையில கீதுன்னு அர்த்தம்."

"பச்சமுத்து அண்ணன் அத டீக்கடையில டெய்லி சொல்லிகினுதான கீறாரு?"

"டீக்கடையில சொல்றத எவன் நம்புவான்? அவ குடுத்துருக்கா."

அவள் என்றால் யாரென்று சசிரேகாவுக்குப் புரிந்தது. தோசையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே தினகரன் உத்திரமேரூருக்கு வண்டியை விட்டார். பஸ் ஸ்டாண்டு எதிரில் பாண்டியனின் மொபைல் கடை. பாண்டியனிடம் ரகசியமாக விஷயத்தைச் சொல்ல, அவன் அவருடைய போனில் ஓர் ஆப்பை ஏற்றினான். சென்டர் கம்ப்யூட்டரில் போடுகிற அதே பெயர், ஏஜென்ட் என்ற முறையில் இவருக்கும் தெரிந்திருந்த அதே பாஸ்வேர்டு. போனில் நெட்டைத் திறந்தால் போதும், ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இவர் பெயரில் இருக்கிற பெட்டியைத் தானாகப் போய்த் திறந்து, அதில் இருக்கிற ஃபைலையெல்லாம் இவருக்கு இன்னொரு நகல் எடுத்துக் கொடுக்கும். கிடைக்காவிட்டால் விடாமல் திரும்பத் திரும்பப் போய்த் தட்டும்.

"சும்மா வுடாதுண்ணா. வேல ஆவுற வரைக்கும் தட்டிகினே கெடக்கும்," என்றான் பாண்டியன் பெருமையாக.

"அப்டித்தான் இருக்கணும்," என்றார் தினகரன். தன் குணத்துக்கு ஒரு பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது அவருக்கு.

அதிலிருந்து காலையில் ஃபைல் போகிற நேரத்துக்கு மட்டும் போனில் நெட்டைத் திறப்பார். ஃபைல் வந்து விழும். வரிசை வரிசையாக எண்கள். ஒன்றும் புரியாது. ஆனாலும் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பார். திருடு போனதற்கு அடையாளம் எதுவும் இல்லை. அடையாளமே இல்லாமல் திருடுகிறாள் என்றால் எவ்வளவு பெரிய கைகாரியாக இருப்பாள்! அப்படியென்றால் சாவியையே மாற்றிவிட வேண்டியதுதான்.

முத்துவேலைக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். புதியதை பிரிஸ்கில்லாவிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் தானே வந்து, இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு, வலது கை ஒற்றை விரலால் தட்டினார். பிரிஸ்கில்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த மாட்டுத் தீவன காலண்டரைப் பார்த்தபடி நிற்பாள். ஒரு தடவை கேட்டாள்.

"அண்ணா, எம்மேல இன்னா கொற?"

"கொறன்னு சொன்னனா? கம்பெனி ரூல்ஸு."

கம்பெனியில் அப்படி எந்த ரூல்ஸும் இல்லையென்று அவளுக்கும் தெரியும்.

கம்ப்யூட்டருக்குப் புது சாவி கொடுத்தவர், சட்டைப் பையில் இருந்த போனுக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அது பாட்டுக்குப் பழைய சாவியோடு கிடந்தது. நெட்டைத் திறந்தால் பழைய ஃபைல்கள் கண்ணில் படும். அதையே இன்றைக்கு வந்தது என்று நம்பிக்கொண்டு பார்ப்பார்.

பேஜார் அன்றிலிருந்து ஆரம்பித்தது.

தினகரன் வருவார், பாஸ்வேர்டைத் தட்டுவார், போனில் நெட்டைத் திறப்பார். பிரிஸ்கில்லா அனுப்புகிற பட்டனை அழுத்துவாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வரும்.

"பாஸ்வேர்டு தப்புன்னு வருதுண்ணா."

"நான் அடிச்சது. நான் தப்பா அடிப்பனா?"

மறுபடி தட்டுவார். மறுபடி சிவப்பு. முத்துவேலைக் கூப்பிட்டால், "சிக்னல் வீக்கா இருக்கும் சார், கொஞ்சம் ஒசரத்துல வெச்சுப் பாருங்க" என்பார். நீளமான வயர் வாங்கி, டாங்கிளை மூங்கில் கழியில் கட்டி, ஏணி வைத்துக் கூரை மேலே ஏறி, ஊர் தெய்வத்துக்குக் கொடி பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார் தினகரன். வாளியோடு நின்ற பெண்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

"போச்சா?" என்றார் மேலிருந்து.

"போவலண்ணா!" என்றாள் கீழிருந்து.

டாங்கிளில் சிம்மை மாற்றினார்கள். போகவில்லை. டாங்கிளைப் பிடுங்கிவிட்டு, "எம்போன்லேர்ந்து நெட்டு எடுத்துக்கோ" என்று தன் போனையே கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றைக்குச் சுத்தமாகப் போகவில்லை. கடைசியில் அலுத்துப் போய், குளித்துவிட்டு வரலாம் என்று நெட்டை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். தலையில் தண்ணீர் ஊற்றும்போது பால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு புறப்படுகிற சத்தம் கேட்டது. ஈரத்துண்டோடு ஓடி வந்தார்.

"எப்டி போச்சு?"

"தெரிலண்ணா. ஸ்க்ரீன்ல நீங்க அடிச்ச பாஸ்வேர்டு அப்டியேதான் இருந்துச்சு. நீங்க வூட்டுக்குப் போனதும் டாங்கிள திரும்ப சொருவி, கொஞ்ச நேரம் கழிச்சு அனுப்பு பட்டன அழுத்துனேன், போயிடுச்சு."

சாதாரண மனுஷன் என்றால் சரி, போனதே என்று மூச்சு விடுவான். தினகரன் துண்டைப் பிழிந்தபடி யோசித்தார். நான் இருந்தால் போகவில்லை. நான் போனால் போகிறது. அப்படியென்றால் நான் இங்கே இருக்கக் கூடாது என்று இவள் ஏதோ வேலை செய்கிறாள்.

இதே விஷயத்தை வேறொரு தலை வேறு மாதிரி யோசித்தது. எல்லம்மாள் என்று ஒரு பெண். ஒற்றை மாடு, ஊர் முழுக்க வாய். தினகரன் விடிகாலையிலேயே வந்து பாஸ்வேர்டை மட்டும் தட்டிவிட்டு, சசிரேகாவைக் கூட்டிக்கொண்டு திருமுக்கூடல் கோயிலுக்குப் போன அன்று ஃபைல் பட்டென்று போனதையும், மறுநாள் அவர் வந்து நின்றதும் நின்றுபோனதையும் அவள் கவனித்துவிட்டாள்.

"எக்கா, நான் சொல்றேன் கேளு. மாட்டு மேல வெச்ச கண்ண இப்ப கம்ப்யூட்டரு மேல வெச்சுட்டாரு," என்றாள் சொக்கம்மாளிடம்.

சொக்கம்மாள் தினகரனுக்குச் சொந்தத்தில் அத்தை முறை. முகத்துக்கு நேரே பேசுகிறவள். மறுநாளே உப்பும் காய்ந்த மிளகாயும் கையில் பொத்திக்கொண்டு வந்து, கம்ப்யூட்டரைச் சுற்றி இடமும் வலமும் சுற்றி, டாங்கிளுக்குத் தனியாக ஒரு சுற்று சுற்றி, வெளியே கனலில் போட்டாள். எல்லோரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள்.

"நெடியே வர்ல பாத்தியா?" என்றாள் சொக்கம்மாள். "மொளகா எரிஞ்சும் நெடி வர்லன்னா எவ்ளோ கண்ணு கீதுன்னு பாத்துக்கோ."

"யாரு கண்ணு அத்த?" என்றார் தினகரன், வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டே.

எல்லோருடைய துண்டும் வாளி மேல் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அந்த வாரம் ஒரு நாள் பச்சை விழவேயில்லை. சாமுவேல் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, மற்ற ஊர்ப் பால் கெட்டுவிடும் என்று வண்டியை எடுத்துவிட்டார். கேன் கேனாகப் பால் திரிந்துபோக, வாய்க்கால் ஓரம் ஊற்றினார்கள். நாய்கள் கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. ஹெட் ஆபீஸிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த சென்டரை மூடிவிட்டுச் சாலவாக்கத்தோடு சேர்த்துவிடுவோம் என்றார்.

"சென்டர மூட வாணாம் சார். ஆள மாத்துங்க. உள்ளயே திருட்டு கீது," என்றார் தினகரன்.

"ஆதாரம் இருக்கா?"

"கூடிய சீக்கிரம் காட்றேன்."

இதை அவர் கொட்டகைக்குள் நின்றுதான் பேசினார். பிரிஸ்கில்லா மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. திரும்பவும் தொடங்கியது.

அந்த வேலை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று தினகரனுக்குத் தெரியாமல் இல்லை. டேனியலுக்கு வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிற நேரத்துக்கு அவள் வீட்டில் இருக்க முடிகிற வேலை அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு கிடையாது. அதைவிட, திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு போனால் அப்புறம் எந்த வாசலில் போய் நிற்பாள்? தெரிந்தும்தான் பேசினார்.

ஆதாரம் மறுநாள் காலையிலேயே கிடைத்தது. அல்லது கிடைத்ததாக அவர் நினைத்தார்.

அன்று எல்லோரும் பால் ஊற்றி முடித்தாயிற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாமுவேல் வண்டியை ஓரமாகப் போட்டு, போனைப் பார்த்தபடி ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தினகரன் பாஸ்வேர்டைத் தட்டினார், நெட்டைத் திறந்தார். சிவப்பு. அதே போனில் முத்துவேலைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"இருங்க சார், இன்னிக்கு நான் இங்க யார் எப்ப உள்ள வந்தாங்கன்ற பதிவ எடுத்துப் பாக்குறேன்," என்றார் முத்துவேல். கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். பிறகு குரல் மாறியது. "சார், இது சிக்னல் பிரச்சனை இல்ல. உங்க பேர வெச்சு வேற யாரோ உள்ள வர ட்ரை பண்றாங்க. தப்பு பாஸ்வேர்டு. திரும்பத் திரும்ப. அப்படி வந்தா எங்க மெஷின் அந்தப் பேரையே கொஞ்ச நேரத்துக்குப் பூட்டி வெச்சிடும். அதனாலதான் உங்களையும் உள்ள விடல."

"எந்த பாஸ்வேர்டு போடறான்?"

"என்னன்னு எங்களுக்குத் தெரியாது சார். ஆனா பாஸ்வேர்டு மாத்துன நாள்லேர்ந்துதான் வருது. பழசு தெரிஞ்ச ஆளா இருக்கலாம்."

தினகரன் நிமிர்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய சந்தேகத்தை ஒரு கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டிருக்கிறது. வாளியோடு நின்றவர்களைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கேட்டுக்கினீங்களா? பழய பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? இந்தா, ஒம்போன எடு."

பிரிஸ்கில்லா அவரையே பார்த்தாள். முகம் சிவக்கவில்லை, அழவில்லை. போனை அணைத்து மேஜை மேல் வைத்தாள்.

"வெச்சிக்கோங்க. நான் வெளிய நிக்கிறேன். கம்ப்யூட்டராண்ட நான் வர்ல. இப்ப நீங்களே அனுப்பிக்கோங்க."

வெளியே போய்த் தீவன மூட்டைகளின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தினகரன் அவள் போனைப் பால் டெஸ்ட் சாமான் வைக்கிற தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தார். பாஸ்வேர்டைத் தட்டினார். பட்டனை அழுத்தினார்.

சிவப்பு.

"சார், இப்பவும் ட்ரை பண்றாங்க," என்றார் முத்துவேல் ஸ்பீக்கரில். "இதோ, இந்த நிமிஷம்."

பெட்டிக்குள் அணைந்து கிடக்கிற போன் எப்படித் தட்டும்? தினகரன் மேஜையை விட்டுப் பாய்ந்து வாசலுக்கு வந்து ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். எதிரே பச்சமுத்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார், ஒரு கையில் போனோடு.

"மாட்னியா?" என்று சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டார். "அந்தப் பக்கத்து ஊருக்காரனுக்கு நீதான் உள்கையா?"

பச்சமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யோவ், வுடுய்யா. பையன் எப்ப பஸ் ஏறுனான்னு கேட்டுகினு வரேன்."

"எம்பால் சென்டர வுட்டுட்டு அங்க எதுக்குப் போன? ஒம்பாலு கெட்டின்னு அவனுக்கு யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன். வேற யாரு சொல்லுவா?" என்றார் பச்சமுத்து. "எதுக்குப் போனேனா? டெய்லி எம்பால மட்டும் ரெண்டாவது தபா, மூணாவது தபா மெஷின்ல வுட்டு, தண்ணி கீதா தண்ணி கீதான்னு பாத்த. பத்து பேருக்கு முன்னால என்ன திருடனாட்டம் நிக்க வெச்ச. மானம் கீறவன் எவன் உனக்குப் பால் ஊத்துவான்?"

எல்லம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு தோளில் தெரிந்தது.

உள்ளே மேஜை மேல் இருந்த போனிலிருந்து முத்துவேல் கூப்பிட்டார். "சார்! சார் இருக்கீங்களா? இன்னொண்ணு தெரியுது. இது கம்ப்யூட்டர்லேர்ந்து வர்றதில்ல. போன்ல போடுற ஆப். அங்க பக்கத்துல யார் யார் போன்ல நெட் ஆன்ல இருக்கோ எல்லாத்தையும் ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணச் சொல்லுங்க. எது நிறுத்துனா நிக்குதுன்னு பாப்போம்."

தினகரன் உள்ளே ஓடி வந்து, தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, இதுதான் சரி என்று கிளம்பிவிட்டார். ஒவ்வொருவராக வரிசையில் நிறுத்தி, அணைக்கச் சொல்லி, அணைத்ததைக் கையில் வாங்கிப் பார்த்தார். சாமுவேல் வண்டியிலிருந்து இறங்கி வந்து, முனகிக்கொண்டே அணைத்தார். "பச்ச விழறதே இதுலதான்யா, அத அணைக்க சொல்றியே."

"வருதா?"

"வருது சார்."

எல்லம்மாள் அணைத்தாள். பச்சமுத்து, வந்த பாவத்துக்கு, அவரும் அணைத்தார்.

"இப்ப?"

"இன்னும் தட்டிக்கிட்டுதான் இருக்கு சார். விடவே மாட்டேங்குது."

சொக்கம்மாளிடம் பட்டன் போன்தான். அதில் நெட்டே கிடையாது. ஆனாலும் தினகரன் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டே சொக்கம்மாள் கேட்டாள்.

"எல்லாருதும் பாத்துட்ட. ஒன்னுது?"

"நான்தான் நெட்டே போடறதில்லயே அத்த. ஊருக்கே தெரியுமே."

"மேல ஒரு அம்பு கீது பாரு, ஏறிகினும் எறங்கிகினும் கீது. எம்பேத்திப் போன்லயும் நெட்டு போட்டா அப்டித்தான் ஆடும்."

தினகரன் கையில் இருந்த போனைப் பார்த்தார். அம்பு ஆடிக்கொண்டிருந்தது. விரல் தானாக மேலேயிருந்து கீழே இழுத்து, அணைத்தது.

"நின்னுடுச்சு சார்!" என்றார் முத்துவேல்.

தினகரனுக்கு இதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. தற்செயலாக நின்றிருக்கலாமே? திறந்தார்.

"வந்துடுச்சு சார்."

அணைத்தார்.

"நின்னுடுச்சு."

மறுபடியும் திறக்கப் போன விரலைச் சொக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். "போதும் வுடு தினகரா. பால் திரிஞ்சுடப் போவுது."

"எந்த ஆப் சார் போட்டிருக்கீங்க?" என்று முத்துவேல் கேட்டார். "ஃபைல் எடுக்குற ஆப்பா? அதுல பழைய பாஸ்வேர்டு இருக்கா?"

பாண்டியன் சொன்னது தினகரன் காதில் கேட்டது. வேல ஆவுற வரைக்கும் தட்டிகினே கெடக்கும். இவ்வளவு நாளும் திருடன் அவர் சட்டைப் பையிலேயே உட்கார்ந்துகொண்டு, அவர் நெஞ்சுக்குப் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவர் வந்தால் நிற்கும், போனால் போகும் என்று எல்லம்மாள் கண்டுபிடித்தது ஒரு எழுத்து மாறாமல் சரி.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் எல்லம்மாள், காற்றைப் பார்த்து. "கண்ணுதான்னு."

"பூட்ட இங்கேர்ந்து எடுத்துட்டேன் சார்," என்றார் முத்துவேல். "இப்ப அனுப்புங்க, சீக்கிரம்."

தினகரன் கீபோர்டைப் பார்த்தார். ஒற்றை விரலால் தட்டினார், தப்பு. மறுபடி தட்டினார், தப்பு. இந்தத் தடவை நிஜமாகவே தப்பாகத்தான் அடித்தார். இன்னொரு தடவை தப்பானால் மறுபடியும் பூட்டிக்கொள்ளும். வெளியே சாமுவேல் வண்டியைக் கிளப்பி வைத்தார். கேன் மூடிகளில் வெயில் விழ ஆரம்பித்துவிட்டது.

தினகரன் எழுந்தார். வாசலுக்கு வந்தார். தீவன மூட்டைகளின் பக்கம் நின்றவளை நேராகப் பார்க்க முடியாமல் மூட்டையைப் பார்த்துப் பேசினார்.

"வாம்மா. பாஸ்வேர்ட சொல்றேன். நீ அடி."

பிரிஸ்கில்லா நகரவில்லை. "மொதல்ல எம்போன குடுங்கண்ணா."

தகரப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி, சேலையில் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இத்தினி பேருக்கு முன்னால கேட்டீங்க. இத்தினி பேருக்கு முன்னாலயே சொல்லுங்க. மேனேஜர் சாருக்கும் சொல்லுங்க. அப்பறம் அடிக்கிறேன்."

தினகரன் ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. பச்சமுத்து சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு வசதியாக நின்றுகொண்டார்.

"எந்தப்புதான்," என்றார் தினகரன். குரல் கேட்கவில்லை.

"கேக்கல நைனா," என்றார் பச்சமுத்து.

"எந்தப்புதான்யா! எம்போனுதான். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல." ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "முத்துவேல் சார், மேனேஜராண்ட சொல்லிடுங்க. ஆள மாத்த வாணாம்னு. நான் சொன்னது தப்புன்னு."

"சொல்லிடறேன் சார்," என்றது ஸ்பீக்கர். சிரிப்பை அடக்குகிற சத்தம் ஸ்பீக்கரில் ரொம்பத் தெளிவாகக் கேட்கும்.

பிரிஸ்கில்லா நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பாஸ்வேர்டைக் கேட்டு அடித்தாள். பட்டனை அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று மெல்ல மெல்ல நகர்ந்து அந்தக் கோடி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சாமுவேல் அவசரமாகத் தன் போனில் நெட்டைத் திறந்தார். "விழுந்துடுச்சு!" என்று கத்தினார். கேன்கள் ஏறின. கடைசி கேனை ஏற்றும்போது சாமுவேல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பால் தப்பித்தது.

வண்டி போனதும் பிரிஸ்கில்லா முத்துவேலிடம், "சார், பாஸ்வேர்ட இப்ப மாத்திடலாமா? இத்தினி பேர் கேட்டுட்டாங்க," என்றாள். அவர் சரி என்றார். அவள் தினகரன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, கொஞ்சம் வெளிய நில்லுங்க. கம்பெனி ரூல்ஸு."

தினகரன் வெளியே போய், அவள் நின்ற அதே தீவன மூட்டைகளின் பக்கத்தில் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சொக்கம்மாள் அவரைத் தாண்டிப் போகும்போது, காலி வாளியாக இருந்தும், துண்டை இழுத்து மூடிக்கொண்டு போனாள்.

ஆப்பை அன்றைக்கே பாண்டியன் கடையில் போய் எடுத்துவிட்டார். எடுத்துவிட்டானா என்று பாண்டியனிடம் திரும்பத் திரும்பக் கேட்டது தனிக் கதை. சென்டர் இன்னும் நடக்கிறது. ஃபைல் போகிறது. இப்போதெல்லாம் தினகரன் காலையில் வந்தால், போனை வாசலிலேயே ஒரு மூட்டை மேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான். மெஷினுக்குப் பக்கத்தில் கழுத்து நீளுவதும் குறைந்திருக்கிறது; அவர் கண் மூட்டை மேல் இருக்கிற போனிலேயே இருப்பதால் அதற்கு நேரம் இல்லை. பச்சமுத்து திரும்பி வரவில்லை.

கொட்டகைச் சாவி இப்போது பிரிஸ்கில்லாவிடம். வேலை முடிந்து அவள்தான் பூட்டுகிறாள். முதல் நாள் அவள் பூட்டிவிட்டுத் திரும்பியபோது, தினகரனின் கை பழக்கத்தில் பூட்டை நோக்கி நீண்டது. அவள் நின்று பார்த்தாள். கை பாதி வழியில் நின்று, மீசையைத் தடவிக்கொண்டு கீழே இறங்கியது. நடையைக் கட்டினார். குழாயடியைத் தாண்டிப் போய்விட்டார். திரும்பி வரவேயில்லை.

ஊரே வாயைப் பிளந்தது. எல்லம்மாள் மட்டும் பிளக்கவில்லை. சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தவள் கண்ணால் பார்த்ததாம்: சசிரேகா, கையில் ஒரு பையோடு கடைக்குப் போகிற மாதிரி வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கொட்டகைப் பூட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாளாம்.